‘சரி’ சொல்லும் வரை

படம் முடிந்து விளக்கெல்லாம் போட்ட பிறகும் ரிப்பீட்டு நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. திரையில் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவை ஓடி முடிந்ததும் மிச்சப் படத்தைக் காட்டுவார்கள் என்று அவர் நம்பினார். பெயர்கள் ஓடி முடிந்தன, திரை வெறுமனே நின்றது. துடைப்பத்தோடு வந்த அம்மாள் அவர் காலடியில் கிடந்த காகிதக் கோப்பையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“காலக் கொஞ்சம் தூக்குங்க சார்.”

“அவ்வளவுதானா?” என்றார் ரிப்பீட்டு.

“எல்லாரும் இதத்தான் கேக்குறாங்க. வேற படம்னா கதவத் தொறக்குறதுக்கு முன்னாடி ஓடிருவாங்க. இது முடிஞ்சா மட்டும் யாரும் எந்திரிக்க மாட்டேங்குறாங்க, எனக்கு வேல இழுத்துக்கிட்டே போகுது.”

பக்கத்தில் மனைவி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை, பின்னறையில் கண்ணாடி தேய்த்துக் கொடுப்பாள். எவர் முகத்தில் அழுக்குக் கண்ணாடியைப் பார்த்தாலும் அவளுக்குக் கை நமநமக்கும். இன்றைக்கும் படம் நடுவில் இருக்கும்போதே கணவரின் கண்ணாடியைக் கழற்றி எடுத்து, பையிலிருந்த துணியால் துடைத்து, வெளிச்சம் போதவில்லை என்று மறுபடி துடைத்து, ஒருவழியாகத் திருப்பிக் கொடுத்தாள். அதுவரை அவருக்குத் திரையில் கலங்கலாக ஏதோ அசைந்துகொண்டிருந்தது. அதற்காக அப்போதே முணுமுணுத்துத் தீர்த்துவிட்டார்.

ரிப்பீட்டு என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை என்று சொல்ல வேண்டியதில்லை. அவர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் வேலை இரண்டு ஆள் வேலை. ஒருவர் லிஃப்ட் பெட்டியின் தலைமேல் ஏறி நின்றுகொண்டு கதவுப் பூட்டு, கம்பி வடம், கிரீஸ் என்று ஒவ்வொரு மாடியாகப் பார்த்துக்கொண்டு போவார். இன்னொருவர் கட்டடத்து உச்சியில் மோட்டார் அறையில் இருப்பார். புது லிஃப்ட்டுகளில் பெட்டியின் தலையிலேயே பொத்தான் உண்டு, நிற்பவரே நகர்த்திக்கொள்ளலாம். பழைய லிஃப்ட்டுகளில் அந்த சொகுசெல்லாம் கிடையாது. பெட்டியில் நிற்பவர் குரல் கொடுக்க வேண்டும், உச்சியில் இருப்பவர் நகர்த்த வேண்டும். இடையில் இருட்டுக் குழி. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, குரல் மட்டும்தான்.

அதற்கு ஒரு முறை இருக்கிறது. பெட்டியில் நிற்பவர் ‘கீழே’ என்பார். உச்சியில் இருப்பவர் ‘கீழே’ என்று திருப்பிச் சொல்வார். சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பெட்டியில் நிற்பவர் தன் கை, கால், ஸ்பானர், சட்டை நுனி எல்லாம் உள்ளே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு ‘சரி’ என்பார். அந்த மூன்றாவது வார்த்தை காதில் விழுந்த பிறகுதான் பெட்டி அசைய வேண்டும். கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் இதை அவர்தான் கரைத்துப் புகட்டியிருக்கிறார். பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. “அரைக் கிலோ வெங்காயம்” என்று மனைவி சொன்னால் “அரைக் கிலோ வெங்காயம்” என்று சொல்லிவிட்டு வாசலிலேயே நிற்பார். அவள் உள்ளேயிருந்து “சரி, சரி, போய்த் தொலைங்க” என்று கத்தினால்தான் செருப்பை மாட்டுவார். பெயர் வராமல் என்ன செய்யும்?

இப்பேர்ப்பட்ட மனிதரின் முழங்கைதான் போன வருடம் உடைந்தது.

உச்சியில் இருந்தது அவருடைய மைத்துனன், மனைவியின் தம்பி. அவனை இந்த வேலைக்குக் கொண்டுவந்ததே இவர்தான். ஏறக்குறைய இருபது வருடம் இருவரும் ஜோடி. அன்றைக்கு ரிப்பீட்டு ‘கீழே’ என்றார். சொன்ன பிறகுதான் கதவுப் பூட்டின் மேல் ஸ்பானரை மறந்து வைத்தது நினைவுக்கு வந்தது. எட்டி எடுக்கக் கையை நீட்டினார். அதற்குள் உச்சியிலிருந்து ‘கீழே’ என்ற சத்தமும் வந்தது, பெட்டியும் இறங்கியது. ‘சரி’ என்று அவர் சொல்லவில்லை. முழங்கைக்குத் தகடு வைத்துத் திருகாணி போட்டார்கள். அலுவலகத்தில் விசாரணை நடந்தது. “நான்தான் அவசரப்பட்டுட்டேன்” என்று மைத்துனன் எழுதிக் கொடுத்துவிட்டான். தண்டனையாக ஆறு மாதம் எந்த லிஃப்ட்டையும் அவன் பொறுப்பில் விடவில்லை.

மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபடி ரிப்பீட்டு ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். “இனிமே அவன் என் கண்ணுல படக்கூடாது.” மைத்துனன் அறை வாசல்வரை வந்து, அதைக் கேட்டுவிட்டு, வாங்கி வந்த பழப்பையைக் கதவோரம் வைத்துவிட்டுப் போனான். அன்றிலிருந்து பேச்சில்லை. அவன் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். வாரம் ஒன்றிரண்டு குரல் பதிவு அனுப்பிக்கொண்டே இருந்தான். ரிப்பீட்டு அவற்றைத் திறந்துகூடக் கேட்டதில்லை. அழிக்கவும் இல்லை. அழித்தால்தான் என்ன என்று அவரை யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் எரிந்து விழுந்திருப்பார். அதே மாதிரி, குணமாகி வேலைக்கு வந்த பிறகு அவர் பெட்டியின் தலைமேல் ஏறவே இல்லை. மாடியில் நின்றபடியே பொத்தான் மாற்றுவது, விளக்கு மாற்றுவது, கதவு சத்தம் போட்டால் எண்ணெய் விடுவது, இதோடு சரி. பயமா என்று அதையும் யாரும் கேட்கவில்லை.

இப்போது மைத்துனனுக்கு வேறு ஊர்க் கிளைக்கு மாற்றல் வந்திருக்கிறது. குடும்பத்தோடு போகிறான், மாதக் கடைசியில். “அவன் போறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த பேசிருங்க,” என்று மனைவி சொல்லிக்கொண்டே இருந்தாள். “இப்படியே போயிட்டான்னா அப்புறம் வரவே மாட்டான். எனக்குன்னு கூடப் பொறந்தது அவன் ஒருத்தன்தான்.” அவர் காது கேட்காத மாதிரி ரேடியோவைத் திருகுவார். கெஞ்சி அலுத்துப்போன ஒரு நாளில்தான் அவள் இந்தப் படத்துக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தாள்.

படம் இதுதான். தூரத்து வானத்தில் ஒரு கப்பல் போய்க்கொண்டே இருக்கிறது. அதில் ரிப்பேர் பார்க்கிற ஒருவன், தனி ஆள். பூமியில் ஒரு அலுவலகத்தில் ஒருத்தி. அவன் கேட்பான், அவள் வழி சொல்வாள். கப்பல் தள்ளிப் போகப் போக அவன் கேள்வி இங்கே வந்து சேரவே நேரம் பிடிக்கிறது, பதில் அங்கே போகவும் அதே நேரம். முதலில் ஒரு டீ குடிக்கிற நேரம், பிறகு ஒரு வேளைச் சாப்பாட்டு நேரம், பிறகு அரை நாள். ஆனால் இரண்டு பேருக்கும் ஒருவரை ஒருவர் அவ்வளவு தெரியும். அவன் என்ன கேட்பான் என்று யோசித்து, கேட்பதற்கு முன்பே அவள் பதிலை அனுப்பிவைக்கிறாள். அவன் கேள்வியை நினைக்கிறான், பதில் வந்து நிற்கிறது. இருவரும் அவரவர் இடத்தில் சிரிக்கிறார்கள். ஒரு நாள் அவள் நினைத்தது தப்பாகிறது. வேறொரு கேள்விக்கான பதில் வருகிறது. அவன் அதை நம்பி ஒரு வால்வைத் திறக்க, கப்பலில் பாதி இருண்டு, குளிர்ந்து, ஒன்றுக்கும் உதவாமல் போகிறது. மீதிப் பாதியில் ஒண்டிக்கொண்டு அவன் பேசுவதை நிறுத்திவிடுகிறான். அவள் நிறுத்தவில்லை. மழை பெய்தது, பஸ் வரவில்லை, பல் வலிக்கிறது என்று தினமும் ஏதாவது அனுப்பிக்கொண்டே இருக்கிறாள். கடைசியில் அவள் கருவியின் முன்னால் உட்கார்ந்து, பதில் வந்தால் எரியும் சின்ன விளக்கையே பார்க்கிறாள். அது எரிந்ததா, எரியவில்லையா? அதற்குள் படம் முடிந்துவிட்டது.

“பேசிக்கிட்டு இருந்தவங்க திடீர்னு எந்திரிச்சுப் போன மாதிரி இருக்கு,” என்று ரிப்பீட்டு தெருவில் நடக்கும்போது ஆரம்பித்தார். “அத்தன பேர் சேந்து படம் எடுக்குறாங்க, ஒரு வெளக்க எரிய வைக்க முடியலையா?”

“அவளுக்கு அவன்மேல ஆசைங்க,” என்றாள் மனைவி.

“ஆசையுமில்ல, தோசையுமில்ல. ரெண்டு பேரும் வேல பாக்குறாங்க. ஒனக்கு எதப் பாத்தாலும் ஆச.”

“வேல பாக்குறவ பல்லு வலியெல்லாம் சொல்லுவாளா?”

அவர் பேச்சை மாற்றினார். கப்பலின் கதவைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கதவு ஆள் குறுக்கே நிற்கும்போதே மூடுகிறது. நம்முடைய கடைத்தெரு லிஃப்ட்டில்கூடக் கை வைத்தால் கதவு திரும்பிப் போகும், வானத்தில் பறக்கிறவர்களுக்கு அந்த ஒரு சென்சார் வைக்க வக்கில்லையா? அந்தப் பெண் உட்கார்ந்து சாப்பிடுவதை அவ்வளவு நேரம் காட்டுகிறார்களே, நாங்கள் என்ன அவளுக்குப் பரிமாறவா வந்தோம்? பேச்சு இப்படியே வீடு வரை வந்தது. பூட்டைத் திறக்கும்போது மனைவி கேட்டாள்:

“ஒங்களுக்குப் படம் புடிச்சுதா, புடிக்கலையா?”

“பாதி புடிச்சுது.”

“எந்தப் பாதி?”

சாவி கையில், ரிப்பீட்டு யோசித்துக்கொண்டே நின்றார். கொசு உள்ளே வருகிறது என்று அவள்தான் கதவைச் சாத்தினாள்.

அன்றிலிருந்து மனிதருக்கு இருப்புக்கொள்ளவில்லை. பாதி முகம் மழித்துவிட்டு, மீதிப் பாதியில் சோப்பு காயக் காயக் கண்ணாடிக்கு முன் நின்றார். துணி துவைக்கப் போட்டுவிட்டுத் தண்ணீர்க் குழாயைத் திறக்க மறந்தார். ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, அது சரியில்லை என்று இன்னொன்றில் உட்கார்ந்து, அதுவும் சரியில்லை என்று ஜன்னலோரம் போய் நின்றார். ஒரு கடையின் லிஃப்ட்டில் பொத்தான் மாற்றப் போனவர் இரண்டாம் மாடிப் பொத்தானை மூன்றிலும் மூன்றாம் மாடிப் பொத்தானை இரண்டிலும் வைத்துவிட்டு வந்தார். அப்படி ஒரு தப்பு அவர் கையால் நடந்ததே இல்லை. சூப்பர்வைசர் கூப்பிட்டு விசாரித்தபோது, கேட்டதற்குப் பதில் சொல்லாமல் கப்பல் கதையை முழுக்கச் சொன்னார்.

“சண்ட உண்டா?” என்றார் சூப்பர்வைசர்.

“இல்ல.”

“பாட்டு?”

“இல்ல.”

“அப்புறம் என்னத்துக்குய்யா பாத்தே?”

அதுதான் அவருக்கும் தெரியவில்லை. காலையில் எழுந்திருக்கும்போது கப்பல்காரன் பக்கம் நியாயம் இருப்பதாகத் தோன்றும். கேட்பதற்கு முன்னால் பதில் சொல்ல அவள் யார்? அவசரக்குடுக்கை. பாதிக் கப்பல் போனது அவளுக்கா, அவனுக்கா? மத்தியானத்துக்குள் அந்த நியாயம் புளித்துவிடும். அவள் பல்வலியோடு மழையில் பஸ்ஸுக்கு நிற்பது கண்முன் வந்து நிற்கும். அப்புறம் அவன்மேல் கோபம் கோபமாக வரும். ஒரு நாள் சாப்பிடும்போது அது வாய்விட்டே வந்துவிட்டது.

“அவ தெனமும் பேசிக்கிட்டே இருக்கா. இவன் உம்முன்னு உக்காந்திருக்கான். ஒரு வார்த்த சொன்னா வாயில இருக்குற முத்து உதிர்ந்துருமா? எவ்வளவு அழுத்தம் பாரு அவனுக்கு!”

மனைவி கரண்டியைக் குழம்பிலேயே விட்டுவிட்டு அவரைப் பார்த்தாள். “நல்லாக் கேளுங்க,” என்றாள். “இன்னொரு தடவ கேளுங்க. சத்தமாக் கேளுங்க.”

அவருக்கு விளங்க ஒரு கணம் ஆனது. விளங்கியதும் முகம் சிவந்துவிட்டது.

“இந்தப் படத்துக்குப் போகணும்னு ஒனக்கு எப்படித் தோணுச்சு?”

அவள் ஒளிக்கவில்லை. “தம்பிதான் சொன்னான். ‘அத்தான ஒரு தடவ கூட்டிட்டுப் போக்கா, அவருக்குப் புரியும்’னான்.”

“எனக்குப் பாடம் நடத்துறானா? கையையும் ஒடச்சுட்டு, டிக்கெட்டும் எடுத்துக் குடுத்து, நீ எவ்வளவு மோசமானவன்னு படம் போட்டுக் காட்டுறானா?”

“டிக்கெட் நான் எடுத்தது. அவன் மேல எல்லாத்தையும் போடாதீங்க.”

சோற்றில் கையைக் கழுவாத குறையாக எழுந்து போனார். உண்மையில் அவருக்கு வலித்தது. ஊரே அவரைப் பிடிவாதக்காரர் என்று சொல்லலாம், அது பழகிப்போன வசவு. ஆனால் மைத்துனன் அவரை அந்த உம்மணாமூஞ்சிக் கப்பல்காரனாகவே பார்க்கிறான் என்பதை அவரால் தாங்க முடியவில்லை. அவன் தப்பாகப் பார்த்திருக்கிறான் என்று நிரூபிக்க வேண்டும். அதற்கு ஒரே வழி, படத்தை மறுபடி பார்த்துக் குற்றம் யார்மேல் என்று முடிவுகட்டுவது. பழுதான லிஃப்ட்டைப் பார்ப்பது மாதிரி பார்க்க வேண்டும். முதல் பிசகு எங்கே நடந்தது? எவர் கை முதலில் தவறியது?

மறுநாள் மத்தியானம் வயிறு சரியில்லை என்று சூப்பர்வைசரிடம் பொய் சொல்லிவிட்டுத் தனியாகப் போனார். கூட்டமே இல்லை. துடைப்பக்கார அம்மாள் அவரை அடையாளம் கண்டுகொண்டு, “மறுபடியுமா?” என்றாள். அவர் முன்வரிசைக்கு நகர்ந்துகொண்டார்.

இந்தத் தடவை கண்ணாடியை அவரே துடைத்து, மூக்கில் அழுத்தி வைத்துக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். கதவு அதேபோல மோசமாக மூடியது. அவர் அதை மன்னித்தார். முன்பு கவனிக்காத ஒன்று தெரிந்தது. கப்பலில் பதில் வந்ததும் அவன் உடனே வேலையைத் தொட மாட்டான். பதிலைத் திருப்பி அனுப்புவான். கருவியில் மஞ்சள் விளக்கு எரியும். அங்கிருந்து அவள் உறுதி சொன்ன பிறகு விளக்கு அணையும். அப்புறம்தான் வால்வைத் தொடுவான். ‘அடப்பாவி, இது நம்ம முறையாச்சே’ என்று ரிப்பீட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு தொழில் தெரிந்தவன்தான் இந்தக் கதையை எழுதியிருக்கிறான் என்று அவருக்குப் பெருமைகூட வந்தது.

அதற்குப் பின்னால், படம் நடுவில், வசனமே இல்லாத அந்தக் காட்சி வந்தது. போன தடவை மனைவி கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்த நேரம். கப்பல்காரன் மஞ்சள் விளக்கையே பார்த்துக்கொண்டு காத்திருக்கிறான். கொட்டாவி விடுகிறான். எழுந்து நடக்கிறான். திரும்பி வந்து பார்க்கிறான், விளக்கு இன்னும் எரிகிறது. சாமான் பெட்டியிலிருந்து ஒரு துண்டு கறுப்பு டேப்பைக் கிழித்து எடுத்து, விளக்கின் மேல் ஒட்டிவிட்டு, குறும்பாகச் சிரித்துக்கொண்டு வேலையைத் தொடங்குகிறான்.

அவள் இல்லை. அவன்தான். முதலில் காத்திருப்பதை விட்டவன் அவன்தான். அதற்குப் பிறகுதான் அவள் முன்கூட்டியே பதில் அனுப்பக் கற்றுக்கொள்கிறாள்.

மிச்சப் படத்தை ரிப்பீட்டு பார்க்கவில்லை. கண் திரையில் இருந்தது, அவ்வளவுதான். அவர் பல வருடம் பின்னால் போய், வேறொரு கட்டடத்தில் நின்றுகொண்டிருந்தார். பழைய வங்கிக் கட்டடம், நல்ல புழுக்கம். மாடிக்கு மாடி ‘சரி’, ‘சரி’ என்று கத்தித் தொண்டை வறண்டு போயிருந்தது. அவர்தான் உச்சியைப் பார்த்துக் கத்தினார்: “மச்சான், நீ திருப்பிச் சொன்னதுமே நகத்திருடா. ஒவ்வொரு தடவையும் நான் சரி சரின்னு கத்திக்கிட்டு இருக்க முடியாது.”  “அத்தான், அது முறை இல்லையே,” என்றான் மைத்துனன். “முறை சொல்லிக் குடுத்ததே நான்தான்டா. நகத்து.” அவன் நகர்த்தினான். அன்றைக்கு வேலை சீக்கிரம் முடிந்தது. அதற்குப் பிறகு அவர்கள் ஜோடிக்குள் மூன்றாவது வார்த்தை இருந்ததே இல்லை. மற்றவர்களுக்கு மட்டும் அவர் அதைக் கரைத்துப் புகட்டிக்கொண்டே இருந்தார்.

இதை அவர் மறந்துவிட்டார் என்று சொல்வது பொய். நினைக்காமல் இருக்க வசதியாக இருந்தது, அவ்வளவுதான். ஆனால் மைத்துனன் மறக்கவில்லையே. விசாரணையில் இதைச் சொல்லியிருக்கலாம். கூடப் பிறந்த அக்காளிடமாவது சொல்லியிருக்கலாம். ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை. ‘நான்தான் அவசரப்பட்டுட்டேன்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பழப்பையோடு வந்து நின்றான். அந்தப் பழம் ஒன்றைக்கூட இவர் தொடவில்லை. அத்தனையும் நர்சுகளுக்குக் கொடுத்துவிடச் சொன்னார். ரிப்பீட்டுக்கு அந்தக் குளிரூட்டிய அரங்கில் வியர்த்துக் கொட்டியது.

பஸ்ஸில் உட்கார முடியாமல் பாதி வழியிலேயே இறங்கி நடந்தார். நடக்கவும் முடியாமல் ஒரு மூடிய கடை வாசலில் நின்று கைபேசியை எடுத்தார். குரல் பதிவுப் பொத்தானை அழுத்தி, “மச்சான்,” என்றார். மேற்கொண்டு வரவில்லை. அழித்தார். மறுபடி அழுத்தினார். “மச்சான், நான்தான். அந்தக் கிரீஸ் டப்பா ஒன்கிட்டதான இருக்கு?” ஒரு வருடம் கழித்துக் கிரீஸ் டப்பாவா கேட்பது? அதையும் அழித்தார். அடுத்தது இருமலோடு முடிந்தது. அதற்கும் அடுத்ததில் ஒரு லாரி ஹாரன் மட்டும் பதிவானது. மன்னிப்பு என்று ஒரு சொல் இருக்கிறது, அது அடுத்தவர்கள் பயன்படுத்துவதற்கென்று செய்தது என்றே இத்தனை வருடம் அவர் நினைத்திருந்தார். இப்போது தேவைப்படும்போது அது நாக்கில் ஏறவில்லை.

அவருக்குச் சரளமாக வருகிற வார்த்தைகள் மூன்றுதான்: கீழே, கீழே, சரி. அதை யோசித்ததும் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அடுத்த நாள் காலையில் சூப்பர்வைசர் மேஜை முன் போய் நின்றார். “அந்த ஆறு மாடிப் பழைய கட்டடம், வலைக்கதவு லிஃப்ட், பாக்கி நிக்குதே. நான் போறேன். பெட்டிமேல நான். உச்சிக்கு என் மச்சான அனுப்புங்க.”

சூப்பர்வைசர் டீயைக் கீழே வைத்தார். “பெட்டிமேல நீயா? அதுவும் அவன்கூடவா? நீங்க ரெண்டு பேரும்தான் பேசிக்க மாட்டீங்களே. எப்படிய்யா வேல நடக்கும்?”

“வேலைக்கு எவ்வளவு பேசணுமோ அவ்வளவு பேசுவோம்.”

“இன்னொரு கை ஒடஞ்சா என் தலதான் உருளும், பாத்துக்க.”

“ஒடையாது,” என்றார் ரிப்பீட்டு. அவருக்கே அது நிச்சயமில்லை.

கட்டடத்துக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது மைத்துனன் ஏற்கெனவே படியேறி உச்சிக்குப் போயிருந்தான். வாட்ச்மேன்தான் சொன்னார். அதுவும் நல்லதுக்குத்தான், முகம் பார்த்திருந்தால் இவர் திரும்பிப் போயிருப்பார். ஆறாம் மாடிக் கதவைத் திறந்து, சற்றுக் கீழே நிறுத்தியிருந்த பெட்டியின் தலைமேல் ஒரு காலை வைத்தார். முழங்கையில் திருகாணி போட்ட இடம் விண்ணென்றது. இன்னொரு காலையும் வைத்தார். முட்டி ஆடியது. கிரீஸ் வாடை, தூசி, மேலே போகும் கம்பி வடங்கள், எல்லாம் விட்டுப்போன இடத்திலேயே இருந்தன. கதவுப் பூட்டைப் பிரித்துத் துடைத்துச் சரிசெய்தார். ஒரு திருகாணி கை தவறிக் குழிக்குள் விழுந்து எங்கேயோ கணீர் என்றது. ஒருவழியாக வேலை முடிந்தது. இனி கூப்பிட வேண்டும்.

“கீழே!” என்றார்.

 தன் குரல் எட்டவில்லையோ என்று அவர் நினைத்தபோது, “கீழே,” என்று வந்தது. ஒரு வருடத்துக்குப் பிறகு கேட்கிற குரல். கொஞ்சம் கரகரப்பாக இருந்தது.

பெட்டி அசையவில்லை.

ரிப்பீட்டு கையைப் பார்த்தார், உள்ளே இருந்தது. காலைப் பார்த்தார். ஸ்பானர் இடுப்பில். சட்டை நுனி உள்ளே. இனி சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை, அதுதான் வரவில்லை. அடியில் வாட்ச்மேன், “என்ன சார், இன்னைக்கு ஓடுமா ஓடாதா?” என்று குரல் கொடுத்தார். யாரோ ஒரு பெண், கனத்த பையைத் தூக்கிக்கொண்டு படியேற வேண்டுமா என்று கேட்பது கேட்டது. வாட்ச்மேன் ஏதோ சமாதானம் சொன்னார். பெட்டி அப்போதும் அசையவில்லை. இவர் சொல்லாதவரை அவன் நகர்த்தப்போவதில்லை என்று ரிப்பீட்டுக்குத் தெரிந்தது. கையைக் கட்டிக்கொண்டு அவன் நிற்பான். பொழுது சாய்கிறவரை நின்றாலும் நிற்பான். அவருக்கு அழுகை வந்தது. கிரீஸ் கையால் துடைத்து முகமெல்லாம் கறையாக்கிக்கொண்டார்.

“சரி,” என்றார்.

பெட்டி மெல்ல இறங்கியது. ஐந்தாம் மாடி, வேலை. கீழே. கீழே. சரி. நான்காம் மாடி, வேலை. கீழே. கீழே. சரி. முட்டி ஆடுவது எந்த மாடியில் நின்றதென்று அவருக்கே தெரியாது. முதல் மாடிக் கதவுப் பூட்டை முடித்ததும், கூப்பிட வேண்டிய வார்த்தைக்குப் பதிலாக வேறொன்று வாயில் வந்தது.

“படத்த ரெண்டு தடவ பாத்தேன்!” என்று உச்சியை நோக்கிக் கத்தினார்.

 முறை தவறாமல், “ரெண்டு தடவ பாத்தீங்க,” என்று குரல் இறங்கி வந்தது.

“சரி,” என்றார் ரிப்பீட்டு. வடத்தைப் பிடித்துக்கொண்டார். இப்போது நிறுத்தினால் அப்புறம் வராது என்று அவருக்குத் தெரியும். “மச்சான், வெளக்கு மேல டேப் ஒட்டுனது நான்தான்டா!”

அடியில் வாட்ச்மேன், “எந்த வெளக்கு சார்?” என்றார். அவருக்கு யாரும் பதில் சொல்லவில்லை. உச்சியில் மைத்துனன் மூக்கை உறிஞ்சுவது குழி முழுக்கக் கேட்டது. அப்புறம் உடைந்து உடைந்து வந்தது.

“டேப் ஒட்டுனது... நீங்கதான் அத்தான்.”

சொல்லிவிட்டு அவன் காத்திருந்தான்.

“சரி,” என்றார்.